ஊரடங்கு மணியும் இளம் பிள்ளைகளும்

ஊரடங்கும் வேளை என்பது தமிழில் பழைய வழக்கு. ஊர் தானே அடங்குவதை அது குறிக்கும். ஊரைச் சட்டத்தால் அடக்கும் வழக்கத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கர்பியூ' என்ற சொல்லோ, 'நெருப்பை மூடு' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்தது. மரவீடுகள் நெருங்கிய இடைக்கால ஐரோப்பிய நகரங்களில், இரவு மணி ஒலித்ததும் அடுப்புத் தீயை மூடிவிட வேண்டும். அம்மணி தீக்கு அஞ்சி அடித்த மணி; பிள்ளைகளுக்கு அஞ்சி அன்று.

அதனைப் பிள்ளைகள்பால் திருப்பியது அமெரிக்கா. 1880-இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரம் அத்தகைய விதியொன்றை இயற்றிற்று. ஆலைகள் பெருகிக் குடியேறிகள் வந்து குவிந்த காலம் அது. அவர்தம் பிள்ளைகள் தெருவில் திரிதல் கண்டு நகரத்தார் கவலையுற்றனர். விரைவில் பற்பல ஊர்கள் ஒமாஹாவைப் பின்பற்றின.

அவற்றுள் ஒன்று டெக்ஸாஸ் மாநிலத்துக் கிரஹாம் என்னும் சிற்றூர். இரவு மணி அடித்தபின் 21 வயது நிரம்பாதோர் தனியே தெருவில் காணப்படலாகாது என்றது அவ்வூர் விதி. பெற்றோர் துணையிருப்பின் குற்றமில்லை. மருத்துவரை அழைக்கச் செல்லினும் குற்றமில்லை. 1898-இல் இவ்விதி மாநிலக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. அண்டை வீட்டிற்கோ, கோயிலுக்கோ, விருந்துக்கோ சென்ற பிள்ளை மணியோசை கேட்டதும் ஓட்டமாய் ஓட வேண்டும், இன்றேல் கைதாக வேண்டும் என்ற நிலையை நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். பெற்றோர்க்குரிய பொறுப்பை நகரம் பறித்துக்கொள்கிறது என்று கூறி, விதியைச் செல்லாதென்றனர்.

மருத்துவருக்கு விலக்களித்தவர்கள், வீட்டில் விளக்கில்லாத பிள்ளையை நினைக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் இளமையில் தெருவிளக்கடியில் படித்தவர் என்பார்கள். கிரஹாமில் பிறந்திருந்தால் அவர் நீதிபதியின் முன் நின்றிருப்பார்!

பிற்கால அமெரிக்க நீதிமன்றங்கள் ஒருமுகமாய் நிற்கவில்லை. டல்லாஸ் நகரத்து விதியை 1993-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1996-இல் அதிபர் கிளிண்டனும் இத்தகைய விதிகளை ஆதரித்தார். ஆயினும் 2016-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, 12 ஆய்வுகளை ஒப்புநோக்கி, இவ்விதிகளால் குற்றம் குறைந்ததற்குச் சான்றில்லை என்றே கண்டது.

செய்கையை நோக்காது, ஒரு கூட்டத்தாரை மொத்தமாய் இரவில் கட்டிவைக்கும் சட்டத்தைத் தமிழகமும் கண்டதுண்டு. அங்கே அளவுகோல் வயதன்று, பிறப்பு. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், மதுரை வட்டாரத்துக் கள்ளர் சமூகத்து ஆடவரின் கைரேகை பதிவு செய்யப்பட்டது. பதிவு பெற்றோர் இரவுதோறும் காவல் நிலையத்தில் முகங்காட்டவும் அங்கேயே படுத்துறங்கவும் நேர்ந்தது. திருடியவனும் உழுதவனும் ஒன்றாகவே படுத்தனர். பதிவுக்கு இணங்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது.