பூச்சி மாதிரிகளைப் பதப்படுத்தல்

இறந்த பூச்சிகளை உலர்த்தி, ஊசியில் ஏற்றிப் பெட்டியில் காக்கும் முறை. விறைத்துப்போன உடலை ஈரப்பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் ஓரிரு நாள் இளக வைக்க வேண்டும். இல்லையேல் காலும் உணர்கொம்பும் ஒடிந்துவிடும். தையல் ஊசி தடிமனானது, துருவும் ஏறும். சுமார் 38 மி.மீ. நீளமுள்ள மெல்லிய பூச்சி ஊசியே ஏற்றது. வண்டுக்கு வலது முன்சிறகின் வழியாகவும், வண்ணத்துப்பூச்சிக்கு மார்பின் நடுவிலும் குத்துவது மரபு. மென்னுடல் புழுக்கள் உலர்ந்தால் சுருங்கும். அவற்றை ஆல்கஹாலில் இடுவர்.

வீட்டுச் சேகரிப்பின் பெரும்பகை அருங்காட்சியக வண்டின் புழு. அது மாதிரியின் உடலைத் தின்று பொடியாக்கும். இறுக்கமான மூடியும், புதிய மாதிரியைச் சில நாள் உறைபெட்டியில் வைப்பதும் அந்துருண்டையைவிடச் சிறந்த காவல். பிடித்த இடமும் நாளும் குறிக்காத மாதிரி, எவ்வளவு அழகானாலும், ஆய்வுக்கு உதவாது. இந்தியாவில் பல வண்ணத்துப்பூச்சி இனங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவற்றைப் பிடிப்பது குற்றம்.