கொழுந்துக் கணக்கும் அட்டவணை இயல்பாக்கமும்

விலைச்சீட்டு, கூலிச்சீட்டு, கொள்முதல் பட்டியல் முதலான வியாபாரப் பத்திரங்களுக்கு ஆதாரமாக உள்ள செய்திகளைக் கணிப்பொறியில் பதிந்து வைக்கும்போது, அவற்றையெல்லாம் ஒரே அகன்ற அட்டவணையில் கொட்டி வைக்காமல், ஒவ்வொரு செய்தியும் எப்பொருளுக்கு உரியதோ அப்பொருளின் அட்டவணையில் ஒருமுறை மட்டுமே எழுதப்படுமாறு பகுத்து அமைக்கும் முறை இயல்பாக்கம் எனப்படும். தொடர்புசார் தரவுத்தளம் என்னும் சாஸ்திரத்தின் ஓர் அங்கமாக இது 1970க்குப் பின்னரே இலக்கணம் பெற்றது. ஆயினும், கணிப்பொறியைக் கண்ணால் காணாத கணக்கப்பிள்ளைமார்களும் இதன் பாதியையேனும் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள் என்பதற்குத் தேயிலைத் தோட்டங்களின் பழைய ஏடுகளே சாட்சி. கூடலூரிலிருந்து நிலம்பூருக்கு இறங்கும் மலைப்பாதையின் தலைவாசலில், கேரள எல்லையை ஒட்டியுள்ள நாடுகாணியும் அதன் சுற்றுப்புறமும் இவ்வரலாற்றை விளக்க மிகவும் ஏற்றவை. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி, சிறு விவசாயிகளின் பச்சைக் கொழுந்துக் கொள்முதல், மாநில எல்லையைக் கடந்து செல்லும் தூள் விற்பனை ஆகிய மூவகைக் கணக்குகளும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நடக்கின்றன.

1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வேலையும் வீடும் அளிக்கும் நோக்கத்துடன், நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. 1976இல் அது டான்டீ என்று வழங்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் அத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. வந்து குடியேறியவர்கள் பெரட்டு, பேர், அரைப்பேர், துண்டு என்னும் மலைநாட்டுக் கணக்குச் சொற்களையும் தங்களோடு கொண்டுவந்தார்கள். பெரட்டு என்னும் காலை ஆள்கூட்டத்தில் ஆளெண்ணி, மாலையில் செக்ரோல் என்னும் வருகை ஏட்டில் நாள்வேலைக்குப் பேர் போட்டு, கொழுந்து நிறுத்த எடையை வேறோர் ஏட்டிலும், முன்பணத்தைப் பிறிதோர் ஏட்டிலும் எழுதிவைத்து, மாத முடிவில் மூன்றையும் கூட்டிக் கழித்துச் சம்பளச் சீட்டு எழுதுவது தோட்ட சம்பிரதாயம். ஒரே ஏட்டில் அனைத்தையும் எழுதாமல் மூன்று ஏடுகள் வைத்திருந்ததற்குக் காரணம், பெரட்டும் நிறுவையும் பணம் கொடுப்பதும் வெவ்வேறு நேரத்தில் நிகழும் வெவ்வேறு காரியங்கள் என்பதுதான். அம்மூன்று ஏடுகளையும் பிணைத்தது தொழிலாளியின் பெயரன்று, செக்ரோல் எண். ஒரு பிரிவில் ஐந்து லெட்சுமிகள் இருக்கலாம். ஓர் எண்ணுக்கு இருவர் இருக்க முடியாது. பிற்காலத்தில் முதன்மைச் சாவி என்று பெயரிடப்பட்டது, ஒரு பொருளை ஐயமின்றிக் குறிக்கும் இந்த அடையாளமே ஆகும். அதே எண் நிறுவை ஏட்டிலும் முன்பண ஏட்டிலும் மேற்கோளாக இடம்பெறும்போது அயற்சாவி எனப்படுகிறது.

யந்திர யுகம் இவ்விஷயத்தில் முதலில் ஒரு படி பின்வாங்கியது என்றே சொல்லலாம். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கில் ஹெர்மன் ஹொலரித் புகுத்திய துளை அட்டைகளும், 1928இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 80 பத்திகள் கொண்ட அட்டையும், ஒவ்வோர் அட்டையையும் தனித்து நிற்கும் முழுச் செய்தியாக்கின. அட்டையைத் தாங்கிச் செல்லும் யந்திரம் வேறோர் ஏட்டைத் திரும்பிப் பார்க்க வல்லதன்று ஆதலால், வாடிக்கையாளரின் பெயரும் ஊரும் பல நேரங்களில் அட்டைதோறும் மீண்டும் மீண்டும் துளைக்கப்பட வேண்டியதாயிற்று. வியாபாரக் கணக்குக்கெனக் கணிப்பொறியை முதன்முதலில் கட்டிய நிறுவனம் ஒரு தேநீர்க் கடை நிறுவனம் என்பது நீலகிரி வாசகர்க்கு உவப்பான செய்தியாக இருக்கும். லண்டன் முதலிய நகரங்களில் தேநீர்க் கடைகளை நடத்திவந்த லயன்ஸ் கம்பெனியார், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருந்த எட்சாக் யந்திரத்துக்கு 3,000 பவுன் உதவி செய்து, அதன் அமைப்பைப் பின்பற்றி லியோ என்னும் கணிப்பொறியை நிறுவி, 1951 நவம்பரில் ரொட்டிச் சாலைகளின் மதிப்பீட்டுக் கணக்கை அதில் ஓட்டினார்கள். ஊழியர் சம்பளமும் தேயிலைக் கலவைக் கணக்கும் பின்னர் அதில் ஏறின.

1960களில் சார்ல்ஸ் பாக்மன் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் செய்த ஐடிஎஸ் தரவுத்தளமும், சந்திர யாத்திரைத் திட்டத்தின் எண்ணிறந்த உதிரிப் பாகங்களைக் கணக்கிடும் பொருட்டு 1968இல் உபயோகத்துக்கு வந்த ஐபிஎம்மின் ஐஎம்எஸ் தரவுத்தளமும், செய்திகளைச் சங்கிலியாகவும் கிளைமரமாகவும் பிணைத்தன. திரும்ப எழுதும் சிரமம் குறைந்தது. ஆனால் ஒரு செய்தியை அடைய எக்கிளையில் ஏறி எக்கிளையில் இறங்குவது என்பதை நிரல் எழுதுவோன் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கிளையமைப்பு மாறினால் நிரல்கள் யாவும் பழுதாகும். ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்னும் ஆங்கிலேயக் கணித வல்லுநர் 1970 ஜூன் மாதம் வெளியிட்ட கட்டுரையொன்றில், செய்திகளை வெறும் அட்டவணைகளாக, அதாவது கணிதத்தின் கணக் கோட்பாட்டில் உறவு எனப்படுவனவாகக் கொள்ள வேண்டும் என்றும், அவை உள்ளே எங்ஙனம் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கேள்வி கேட்போன் அறிய வேண்டுவதில்லை என்றும் நிலைநாட்டினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்களையும் வகுத்தார். 1974இல் டொனால்டு சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் பிற்காலத்தில் எஸ்க்யூஎல் எனப் பெயர் பெற்ற வினவு மொழியை அறிமுகப்படுத்தினர். பாய்ஸும் காடும் சேர்ந்து மூன்றாம் வடிவத்தை மேலும் இறுக்கினர். அதற்கு மேலும் நான்காவது, ஐந்தாவது எனப் படிகள் உண்டு. பட்டியல் கணக்கு எழுதுவோர்க்கு அவை பெரும்பாலும் பயன்படுவதில்லை.

இவ்வடிவங்களைக் கொழுந்துக் கணக்கில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். செக்ரோல் தாளில் ஆளுக்கு ஒரு வரியும், நாளுக்கு ஒரு கட்டமாக 31 கட்டங்களும் உண்டு. தாளுக்கு அது அழகான ஏற்பாடு. ஒரே பார்வையில் யார் எத்தனை நாள் வந்தார் என்பது தெரிந்துவிடும். அதையே அட்டவணையாக்கினால், பதினேழாம் தேதி எத்தனை பேர் வந்தனர் என்று கேட்பதற்கு ஒரு கேள்வியும் பதினெட்டாம் தேதிக்கு வேறொரு கேள்வியும் எழுத வேண்டி வரும். பிப்ரவரியில் கட்டங்கள் வீணே கிடக்கும். ஒரே வகைச் செய்தியைப் பக்கவாட்டில் அடுக்காமல், ஆள், நாள், பேர் என ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகளில் இறக்குவதே முதலாம் இயல்பு வடிவம்.

இனி, ஒரு தொழிற்சாலை சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கும் அட்டவணையைக் கொள்வோம். தேயிலை வாரியத்தின் வரையறைப்படி 10.12 ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடையோர் சிறு விவசாயிகள். நாடுகாணிப் பக்கத்தில் ஓர் ஏக்கரும் அரை ஏக்கரும் உடையவர்களே பலர். விவசாயி எண்ணும், நாளும், நிறுவை வரிசையும் சேர்ந்து ஒரு வரியைக் குறிக்கின்றன எனில், எடை அம்மூன்றையும் சார்ந்தது. விவசாயியின் ஊரும் வங்கிக் கணக்கு எண்ணுமோ விவசாயி எண்ணை மாத்திரம் சார்ந்தவை. அவற்றையும் எடையோடு சேர்த்து எழுதினால் மூன்று கேடுகள் விளையும். வங்கிக் கணக்கு மாறும்போது நூறு வரிகளில் திருத்தி ஒரு வரியில் விட்டுப்போகலாம். இன்னும் ஒரு கிலோவும் கொடாத புதிய விவசாயியைப் பதிய இடமிராது. கொழுந்து நிறுத்திய ஒரே வரியை அழித்தால் ஆளே கணக்கிலிருந்து மறைந்துபோவார். விவசாயி அட்டவணையைத் தனியே பிரித்தால் இரண்டாம் வடிவம் கைகூடும். அவ்வட்டவணையிலேயே கொழுந்து சேரும் கொட்டகையின் பெயரோடு, அக்கொட்டகைக்கு வரும் வண்டியின் தடத்தையும் எழுதி வைத்திருந்தால், தடம் கொட்டகையைச் சார்ந்ததே அன்றி விவசாயியை நேரே சார்ந்ததன்று. கொட்டகை அட்டவணை பிரியும்போது மூன்றாம் வடிவம் அமையும்.

எது எதைச் சார்ந்தது என்பதைத் தாளைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க முடியாது. மழைக்காலத்தில் நனைந்த கொழுந்துக்கு ஈரக்கழிவு பிடிப்பது வழக்கம். ஒவ்வொரு சாக்கையும் பார்த்து எடை போடுவோர் கழிவு சொன்னால் அது நிறுவை வரிக்கு உரியது. இன்று இக்கொட்டகைக்கு இத்தனை சதவீதம் என்று பொதுவாகப் பிடித்தால் அது கொட்டகைக்கும் நாளுக்கும் உரிய வேறோர் அட்டவணை. இரு வழக்கங்களிலும் ஏட்டில் விழும் எண்கள் ஒன்றுபோலவே தோன்றும். நிறுவை நடக்குமிடத்தில் அரைநாள் நின்று விசாரித்தாலன்றி உண்மை புலப்படாது. தரவுத்தளம் அமைப்போரின் பிழைகளில் பெரும்பாலானவை இலக்கணப் பிழைகளல்ல, இந்த விசாரணைக் குறையால் வந்தவையே என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

இந்தியாவில் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் சிறு அலுவலகங்களுக்கு இவ்வித்தையைக் கொண்டுசென்றவை டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்னும் மென்பொருள்கள். காட் வகுத்த விதிகளுக்கு அவை முற்றும் அடங்கியவை அல்ல. எனினும் மாஸ்டர் ஃபைல், டிரான்ஸாக்ஷன் ஃபைல் என இரண்டாகப் பிரித்து எழுதும் பழக்கத்தை அவை பரப்பின. இயல்பு வடிவங்களின் பெயரையே கேள்விப்படாத நிரலர் பலர், மாறாதது ஒரு கோப்பிலும் அன்றாடம் நிகழ்வது மற்றொரு கோப்பிலும் என்னும் அந்த ஒரே விதியைக் கொண்டு நல்ல கணக்குகளை எழுதினார்கள்.

அவ்விதி தடுமாறும் இடம் ஒன்று உண்டு, அது விலை. பச்சைக் கொழுந்தின் விலை விவசாயியைச் சார்ந்ததன்று. நீலகிரித் தொழிற்சாலைகள் கொழுந்துக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. 1963 முதல் குன்னூரில் நடந்துவரும் ஏலத்தில் தூள் விற்கும் விலையின் போக்கே இதற்கு மூலம். ஆகவே விலையை மாதத்துக்கு ஒரு வரியாகத் தனி அட்டவணையில் வைத்து, கொழுந்து நிறுத்த நாளைக் கொண்டு அதை எடுத்துக்கொள்வது முறை. அறிவிக்கப்பட்ட விலைக்கும் தொழிற்சாலை உண்மையில் கொடுத்த விலைக்கும் வேறுபாடு நேர்வதுண்டு என்பதால் அவை இரண்டும் இரு செய்திகள். ஒன்றை மற்றொன்றின் மேல் எழுதிவிட்டால் பின்னர் வழக்கு வரும்போது காட்டுவதற்குப் பிரமாணம் இராது.

பட்டியல் கொடுத்தாயிற்று என்றால் நியாயம் மாறுகிறது. விவசாயிக்கோ வாங்குவோனுக்கோ கையளித்த பட்டியலில் இருக்கும் விலை, அட்டவணையில் இருக்கும் விலையின் பிரதியன்று; இன்ன நாளில் இன்ன விலைக்கு இருவரும் இசைந்தனர் என்னும் தனிச் சாட்சியம். விலை அட்டவணை பிற்பாடு திருத்தப்பட்டாலும் அப்பட்டியலின் எண் அசையலாகாது. ஒரே எண் இரண்டிடத்தில் உள்ளதே என்று பட்டியலின் விலைப் பத்தியை நீக்கிவிடும் இளம் நிரலர், இயல்பாக்கத்தின் பெயரால் இயல்பாக்கத்துக்கு விரோதமான காரியத்தைச் செய்கிறார். பேரேட்டில் சுரண்டி எழுதக் கூடாது, தவறு நேர்ந்தால் எதிர்ப்பதிவு போடவேண்டும் என்னும் பழைய கணக்குத் தர்மமும் இதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டமும் தன் 34ஆம் பிரிவில், கொடுத்த பட்டியலை மாற்றாமல் பற்றுக்குறிப்பு, வரவுக்குறிப்பு என்னும் தனிப் பத்திரங்களால் சரிசெய்யும் வழியையே வகுத்திருக்கிறது.

சாவியைத் தேர்ந்தெடுப்பதிலும் நாடுகாணிக்குப் பிரத்தியேகமான சிக்கல் ஒன்று இருக்கிறது. சமவெளியிலே விவசாயியைப் பதிவதென்றால் பட்டா எண்ணையும் சர்வே எண்ணையும் கேட்பது எளிய வழி. கூடலூர்ப் பகுதியின் நிலங்களோ நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்மமாக, அதாவது பரம்பரை நிலவுடைமையாக, இருந்தவை. 1969இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னும், அதன் 17ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட நிலங்களின் உரிமை பல்லாண்டுகளாகத் தீராத விவகாரமாகவே நீடித்தது. தலைமுறையாகக் கொழுந்து பறித்து விற்றும் பட்டா இல்லாத குடும்பங்கள் அங்கே உண்டு. பட்டா எண்ணைச் சாவியாக்கி, அப்பத்தி வெறுமையாக இருக்கலாகாது என்று விதித்தால், அவர்கள் கொடுக்கும் கொழுந்து கணக்கில் ஏற வழியில்லை. ஏற்றுவதற்காக எழுத்தர் பொய் எண் எழுதத் தொடங்குவார். தொழிற்சாலை தானே ஓர் எண்ணை அளித்துவிட்டு, நிலத்தின் விவரத்தை, இருப்போர்க்கு மட்டும் வரி அமையும் வேறோர் அட்டவணையில் வைப்பதே நியாயமும் சௌகரியமும் ஆகும்.

தூள் விற்பனைக்கு வருவோம். பதப்படுத்தாத பச்சைக் கொழுந்துக்குச் சரக்கு, சேவை வரி இல்லை. தேயிலைத் தூளுக்கு 5 சதவீதம். நாடுகாணியில் கட்டிய மூட்டை கூடலூர்க் கடைக்குப் போனால் அவ்வரி மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை எனப் பிரியும். சுரம் இறங்கி நிலம்பூர் வியாபாரிக்குப் போனால் ஒருங்கிணைந்த வரியாக 5 சதவீதமும் ஒன்றாக விழும். எவ்வகை வரி என்பது விற்பவரின் மாநிலத்தையும் சரக்கு சேரும் இடத்தையும் சார்ந்தது. 15 எழுத்துக்கள் கொண்ட வரிப்பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்து எழுத்துக்கள் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண். ஒரு கட்டத்தில் ஒரு செய்தியே இருக்க வேண்டும் என்னும் முதலாம் வடிவத்தின் விதியை அரசாங்கமே மீறிவிட்டது என்று நகைப்பவர் உண்டு. முழு எண்ணையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, மாநிலத்தை வேண்டும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்வதில் தீங்கில்லை.

மேற்சொன்ன மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் விதிகளுள் 46ஆவது, பட்டியல் எண் 16 எழுத்துக்களுக்கு மேற்படாமலும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமலும் இருக்கவேண்டும் என்கிறது. ஏப்ரல் முதல் தேதி எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்பதால் பட்டியல் எண் தனித்துச் சாவியாக முடியாது. விற்பவரின் பதிவு எண், நிதியாண்டு, பட்டியல் எண் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு பட்டியலைக் குறிக்கும். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளோர்க்கு விதிக்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேற்பட்டோர் வரை இறங்கிய மின்னணுப் பட்டியல் முறையில், பட்டியல் முழுவதும், அதன் சரக்கு விவரங்கள் உட்பொதிந்த ஒரே கட்டாக அரசுத் தளத்துக்கு அனுப்பப்படுகிறது. அட்டவணைகளாகப் பிரித்ததெல்லாம் அனுப்பும் தருணத்தில் மீண்டும் ஒன்றாகக் கோக்கப்படுகின்றது. அத்தளம் திருப்பித் தரும் 64 எழுத்துக் குறியெண், மேற்சொன்ன மூன்றோடு பத்திரத்தின் வகையையும் சேர்த்துக் கணிக்கப்படுவதாகும். அவ்வரம்புக்கு உட்படாத சிறு தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் தங்கள் சொந்த எண் வரிசையையே கையாண்டு வருகின்றனர்.