பெரட்டுக்களமும் சபையும்

ஊருக்குப் பொதுவாக ஒரு இடம் வேண்டும் என்றால் சாதி இந்துக்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்குச் சாவடி இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது, ஆலமரத்து மேடை இருக்கிறது. சேரிக்காரன் அங்கே கைகட்டி நிற்கலாம், உட்கார முடியாது. ‘பொது’ என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் இதுதான் அர்த்தம்.

மலைக்கு வந்தால் மட்டும் என்ன? தேயிலைத் தோட்டத்தில் எங்க சனம் தினமும் ஒன்றுகூடின இடம் பெரட்டுக்களம்தான். விடியக்காலைக் குளிரில் பேர் கூப்பிடுவார்கள், வேலை பிரிப்பார்கள். கங்காணி பேசுவான், நாங்க கேட்கணும். நூறு பேர் கூடினாலும் அது சபை ஆகாது.

இதே நீலகிரியில்தான் நம்மவர்கள் சபை கூட்டினார்கள். 1845இல் பிறந்த அயோத்திதாசர் வளர்ந்தது இந்த மலையில். அவர் தாத்தா கந்தப்பன் வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக இருந்தவர். அயோத்திதாசர் 1870களில் இங்கே அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1891 டிசம்பர் 1 அன்று இங்கே கூடிய திராவிட மகாஜன சபை மாநாடு பத்துத் தீர்மானங்களைப் போட்டது. சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்தால் தண்டிக்கச் சட்டம், நம் பிள்ளைகளுக்குப் பள்ளி, பொதுக் கிணறு, குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமை, சிறையில் மலம் அள்ள நம்மை மட்டும் ஏவும் விதியை ஒழிப்பது என்று அதில் கேட்டார்கள். இரட்டைமலை சீனிவாசனும் 1880களில் இந்த மலையில் கணக்கராக வேலை பார்த்தவர்தான்.

ஏன் மலையில்? பட்டாளத்திலும் பங்களாவிலும் கைக்குக் கூலி காசாக வந்தது. மிராசுதார் கண் அவ்வளவு தூரம் எட்டவில்லை. உட்கார்ந்து பேச ஒரு இடம் கிடைத்ததும் பேச்சு கோரிக்கையாக மாறியது. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இதைப் பாடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகளைத் தேடிப்போய்ப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டது. அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் வந்தது, 1976இல் அதுவே டான்டீ ஆனது. என் அம்மாயி தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தவள். “பக்கத்து வூட்டுக்காரி பேரு தெரியாது சாமி. ஆளுக்கொரு தோட்டத்துலேருந்து வந்த சனம். செத்தா தூக்க ஆளில்ல” என்பாள்.

அந்த லயத்தை ஊராக்கியது ஒரு தகரக் கொட்டகை. கூலியில் மாசம் ரெண்டு ரூபா பிடித்துப் போட்டது. பகலில் பிள்ளைக்காம்பரா, ராத்திரி பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அம்பேத்கர் படத்துக்குக் கீழே பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்து வழக்குப் பேசினார்கள். நான் சாதிச் சான்றிதழுக்குப் போன இடத்தில், “சிலோன்காரன் என்ன சாதின்னு யாருக்குத் தெரியும்?” என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று ராத்திரி கொட்டகையில் பெரியவர்கள் கூடி, எந்தத் தோட்டம், எந்த லயம், யாருக்கு யார் உறவு என்று சொல்லச்சொல்ல எழுதினோம். அந்தத் தாள்களோடு நாலு முறை நடந்த பிறகு சான்றிதழ் கிடைத்தது. அது இல்லாமல் எனக்குக் கல்லூரி இல்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைகள் காப்பகம், பொழுதுபோக்கு வசதி பற்றியெல்லாம் பேசியது. நல்லதுதான். ஆனால் முதலாளி கட்டிக்கொடுக்கும் மன்றத்தின் சாவி ஆபீசில் தொங்கும். கூலி உயர்வு பேச அந்தக் கதவு திறக்குமா?

எங்கள் கொட்டகைக்கும் நிலம் சொந்தமில்லை. 2022இல் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வுபெற்றவர்களின் வீடு என்னாகும் என்று சனம் கலங்கியது. மாற்று வீடு பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கேட்க வேண்டும்: வீட்டுக்கொரு பட்டா கொடுத்தால் போதுமா? கூடிப் பேசும் இடத்துக்கு எங்கே பட்டா?

மாணவத் தோழர்களே, ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு தீர்மான நோட்டு இருக்கும். செல்லரிப்பதற்குள் போய்ப் படியெடுங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு கையெழுத்து, மற்றதெல்லாம் கைநாட்டு. அதில் ஒன்று அம்மாயியுடையது.