குடம் அடிச்ச கை யாருது?

இந்த எபிசோடு ஒரு மண்குடத்தைப் பத்தியும் ஒரு கம்ப்யூட்டரைப் பத்தியும். நம்ம நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுல அடிக்கிற குடம், லேப்டாப்புக்குள்ள ஒரு சாம்பிளா மாறும்போது, அதை அடிச்ச ஆளுக்கு என்ன ஆகுது? இதுதான் இன்னைக்குக் கேள்வி. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

மெஷினுக்குள்ள டிரம்ஸ் வந்த கதை

பீட் பண்றதுல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு சாம்பிளிங். ஒரு சத்தத்தைப் பதிவு பண்ணி, வேண்டிய துண்டை வெட்டி, ஒரு பட்டனில் ஏத்துறது. இன்னொண்ணு சீக்வென்சிங். எந்தச் சத்தம் எப்போ வரணும்னு வரிசையா எழுதி வைக்கிறது. என்னை மாதிரி கோட் அடிக்கிறவங்களுக்குச் சொல்லணும்னா, முதலாவது டேட்டா, ரெண்டாவது அதைக் கூப்பிடுற லூப்.

1979இல் ஆஸ்திரேலியாவில் ஃபேர்லைட் என்ற சாம்பிளிங் கம்ப்யூட்டர் வந்தது. 1980இல் அமெரிக்காவில் ரோஜர் லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். அதுவரைக்கும் டிரம் மெஷின்னா, மின்சுற்றில் செயற்கையா உருவாக்கின சத்தம். இவர் நிஜ டிரம்ஸைப் பதிவு பண்ணி உள்ளே வச்சார். 1983இல் மிடி வந்தது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதுக்கான பொது மொழி அது. 1988இல் லின், ஜப்பானின் அக்காய் கம்பெனியோட சேர்ந்து எம்பிசி60 செய்தார். சாம்பிளிங், சீக்வென்சிங் ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள. ஹிப் ஹாப் வளர்ந்ததில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம ஊருக்கும் இது சீக்கிரமே வந்துட்டது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சிங்கைப் பயன்படுத்தினார். அவர் குழுவில் கீபோர்டு வாசிச்சவர்களில் ஒருத்தர் திலீப் என்ற இளைஞர். அவர்தான் பின்னாடி ஏ. ஆர். ரஹ்மான். 1989இல் வீட்டுப் பின்பக்கம் பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டினார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஸ்டுடியோவுக்கு ஒரு தவில்காரர் வந்து வாசிச்சா, அவருக்கு அன்னைக்கு ஒரு சம்பளம். அடுத்த பாட்டுக்குத் திரும்பக் கூப்பிடணும், திரும்பக் கொடுக்கணும். சாம்பிள் அப்படி இல்லை. ஒரு தடவை வாசிச்சது போதும். அந்த அடி நூறு பாட்டில் ஒலிக்கும், அந்த ஆள் வரவே வேண்டாம்.

கட்டத்துக்குள்ள அடங்காத தாளம்

இப்போ குடத்துக்கு வருவோம். வில்லுப்பாட்டு நம்ம மாவட்டத்துக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்கும் சொந்தம். தென் கேரளத்தில் இதையே வில்லடிச்சான் பாட்டுன்னு சொல்லுவாங்க. 1956 நவம்பர் 1 வரை நாமளும் திருவிதாங்கூரோடதானே இருந்தோம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்துதான் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனார். 2021இல் பத்மஸ்ரீ வாங்கின சுப்பு ஆறுமுகத்தை நெல்லைப் பக்கத்திலிருந்து சென்னைக்குக் கூட்டிட்டுப் போனதும் அவர்தான்.

கொடைவிழா ராத்திரியில் வில்லு எப்படி நடக்கும்னு பாருங்க. நடுவில் மணி கட்டின பெரிய வில். புலவர் வீசுகோலால் அதை அடிச்சுக்கிட்டே சுடலைமாடன் கதையோ இசக்கியம்மன் கதையோ பாடுவார். கூட வலம் பாடுறவங்க, இடம் பாடுறவங்க. உடுக்கை, ஜால்ரா, கட்டை. அப்புறம் குடம். அதன் வாயில் மட்டையால் அடிக்கும்போது, உள்ளே இருக்கிற காற்று அமுங்கி ‘தும்’முன்னு ஒரு அடித்தொனி வரும். நெஞ்சுக்குள்ள விழுற மாதிரி இருக்கும். இன்னைக்குப் பீட் பண்றவங்க 808 பேஸ்னு தேடி ஓடுறாங்களே, கிட்டத்தட்ட அந்த வேலையை இந்த மண்குடம் செய்யுது.

எம்பிசி60இல் ஒரு பீட்டை 96 துண்டாப் பிரிப்பாங்க. நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்தில் ஒரு துண்டு ஏறக்குறைய 5 மில்லிவிநாடி. கொஞ்சம் முன்னப்பின்ன அடிச்சா, குவாண்டைஸ் போட்டுக் கட்டத்துக்குள்ள தள்ளிடலாம். ரொம்ப நேரா இருந்தா உயிர் இல்லைன்னு லின்னுக்கே தெரியும். அதனாலதான் சில அடிகளைக் கொஞ்சம் தாமதமாக்கும் ‘ஸ்விங்’ வசதியையும் வச்சார்.

ஆனா கொடையில் வேகமே ஒரு இடத்தில் நிக்காது. கதை சூடேறும்போது தாளம் ஏறும். சாமிக்கு அருள் வர்ற நேரத்தில் குடக்காரர் கோமரத்தாடியோட காலைப் பார்த்துத்தான் அடிப்பார். நாம வெட்டி எடுக்கிற ரெண்டு விநாடி லூப்பில் சத்தம் இருக்கும், அந்தப் பார்வை இருக்காது. அதில் இருக்கிறது ஒரு மனுஷன் எடுத்த ஆயிரம் முடிவுகளில் ஒண்ணே ஒண்ணு.

ஆறு விநாடியின் விலை

சரி, ரெண்டு விநாடிக்கு இவ்வளவு பேசணுமா? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்க. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ‘ஆமென், பிரதர்’னு ஒரு பாட்டு வெளியிட்டது. நடுவில் ஆறேழு விநாடி வெறும் டிரம்ஸ். வாசிச்சவர் கிரெகரி கோல்மன். அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான பாட்டுகளில் சாம்பிள் ஆச்சு. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் மாதிரி இசை வகைகளே அதன் மேல எழும்பி நிக்குது. கோல்மனுக்கு அதிலிருந்து ராயல்டி எதுவும் வரலை. 2006இல் வீடில்லாதவரா இறந்துபோனார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் சேர்ந்து 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தாங்க. அதுவும் சட்டப்படி வந்ததில்லை, மனசாட்சிப்படி வந்தது.

நம்ம குடக்காரருக்குச் சட்டம் துணை இருக்கு. “ஊர்ப் பொதுப்பாட்டுதானே, யார்கிட்டக் கேக்கணும்?”னு சொல்லுவாங்க. பாட்டு பொதுவா இருக்கலாம். வாசிப்பு அப்படி இல்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தில் 1994இல் ‘கலைஞர் உரிமை’ சேர்ந்தது. அதில் கலைஞர்ங்கிறதுக்கான விளக்கத்தில் இசைக்கலைஞர், பாடகரோட பாம்பாட்டியும் உண்டு. இப்போ அந்த உரிமைக்கு 50 ஆண்டு ஆயுள். 2012 திருத்தத்தில் வந்த 38ஏ பிரிவுப்படி, தன் நிகழ்ச்சியை ஒலிப்பதிவு பண்ண அனுமதிக்கிற உரிமை அந்தக் கலைஞருக்குத்தான். அப்போ கோயில் முற்றத்தில் போனை நீட்டிப் பிடிச்சுட்டு வந்து, அதை வெட்டி விக்கிறது இலவசம் இல்லை.

நம்ம துறையில் இதுக்குப் பழக்கம் இருக்கு மக்களே. ஓப்பன் சோர்ஸ் கோடு பத்து வரி எடுத்தாலும், லைசென்ஸைப் பார்க்கிறோம், எழுதினவர் பேரை அழிக்காம வைக்கிறோம். குடத்துக்கும் அதே மரியாதை போதும். பதிவு பண்ணுறதுக்கு முன்னாடி கேளுங்க. எதுக்குன்னு சொல்லுங்க. பணம் பேசுங்க, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. ஃபைலுக்கு ‘குடம் 03’னு பேர் வைக்காம, அடிச்சவர் பேரையும் ஊரையும் வைங்க. அந்த ஃபைல் எத்தனை லேப்டாப்புக்குப் போனாலும் பேரும் கூடப் போகும்.

இன்னொண்ணும் செய்யலாம். சாம்பிளில் தொடங்கின பாட்டை முடிக்கும்போது, அந்தக் குடக்காரரையே ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுங்க. மெட்ரோனோமை அணைச்சுடுங்க. அவர் அடிக்கட்டும், உங்க சீக்வென்சர் அவர் பின்னாடி வரட்டும். இன்னைக்கு இருக்கிற மென்பொருளில் டெம்போ மேப்பிங் இருக்கு. வாசிக்கிறவர் வேகத்துக்கு ஏத்த மாதிரி கட்டத்தை வளைக்கலாம்.

அப்படி யாராவது பண்ணினா எனக்கு அனுப்புங்க, இதே ஷோவில் போடுவோம். கிரெடிட்ஸில் முதல் பேர் குடக்காரர் பேர். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.