கருப்பைத் தாங்கு வளையம்: ஒரு வரலாற்று நோக்கு

மகப்பேற்றினாலும் மூப்பினாலும் இடுப்புத் தசைகள் தளர, கருப்பை தன் நிலையினின்று கீழிறங்குதல் மிகப் பழைய நோயாகும். பண்டைக் கிரேக்கத்தில் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள், நோயுற்றவளை ஏணியிலே தலைகீழாகக் கட்டிக் குலுக்கும் முறையைக் கூறுகின்றன. பாதி மாதுளங்காயை யோனியினுள் வைத்துத் தாங்கச் செய்ததையும் கூறுகின்றன. கி. பி. 2ஆம் நூற்றாண்டில் சொரானசு குலுக்கும் முறையைக் கண்டித்தார்.

16ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புறுவாசு பரே பித்தளையாலும் மெழுகு பூசிய தக்கையாலும் தாங்கிகளைச் செய்வித்தார். அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்தரான உரூன்கைசு, கசிவு வெளியேறத் தக்கையின் நடுவே துளையிட்டார். எனினும், நீரை உறிஞ்சி அழுகும் பொருளைத் தூய்மையாக வைத்திருத்தல் அரிதாயிற்று. 1844இற் சாள்ஸ் குட்இயர் வன்கனிய இறப்பருக்குக் காப்புரிமை பெற்றபின், பிலடெல்பியா மருத்துவர் ஒட்ஜ் அப்பொருளில் நெம்பு வடிவத் தாங்கியை அமைத்தார். 20ஆம் நூற்றாண்டிற் சிலிக்கோன் வந்தது. அது கசிவையும் நாற்றத்தையும் எளிதில் உறிஞ்சுவதில்லை.

ஆயினும் பொருள் மாறியதனால் மட்டும் இடர் நீங்கிவிடவில்லை. கவனிப்பாரின்றி நெடுங்காலம் உள்ளே கிடந்த வளையம் புண்ணையும், அரிதாகச் சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ துளையையும் உண்டாக்கும். இயன்றவர் அதனைத் தாமே கழற்றி, மென்சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி மீள அணிகின்றனர்; இயலாதோர் சில திங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்லல் வேண்டும். குருதியோ துர்நாற்றமோ தோன்றின் தாமதித்தலாகாது. தலைகீழாகக் கட்டப்பட்ட பெண், தன் உடலைத் தானே பேணும் நிலையை அடைந்தமையே இவ்வரலாற்றின் சாரமாகும்.