புறாமாடத்தில் ஓர் இரவு

அரண், கோட்டை, அரண்மனை என்று நாம் வேறு வேறாகப் பகுத்து வழங்கும் பொருள்கள் அனைத்தையும் பிரெஞ்சு மக்கள் 'ஷாத்தோ' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றனர். போருக்கென எழுந்த கற்கோட்டையும் ஷாத்தோவே. வேட்டைக்கு வந்த மன்னன் இளைப்பாறிய மாளிகையும் ஷாத்தோவே. போர்தோ வட்டாரத்தில் திராட்சைத் தோட்டத்தின் பெயர்கூட அதுவே. இலத்தீன் மொழியின் 'காஸ்டெல்லும்' பழம்பிரெஞ்சில் 'ஷஸ்தெல்' ஆகிப் பின்னர் இவ்வடிவம் பெற்றது. இன்று எழுதும்போது அச்சொல்லின் உயிரெழுத்து ஒன்றன் தலைமேல் சிறு கூரை போன்றதொரு குறியை இடுவர். ஒலிப்பில் தேய்ந்து மறைந்த ஸகரம் அங்கு முன்னர் இருந்தது என்பதற்கு அடையாளம் அக்குறி. மறைந்த எழுத்துக்கு நட்ட நடுகல் என்று மொழியியல் வகுப்பில் மாணவியர்க்கு நான் சொல்வதுண்டு.

அத்தகைய ஷாத்தோ ஒன்றில் ஓரிரவு தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பாரிஸ் மாநகரில் ஒப்பிலக்கியக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை படிக்கச் சென்றிருந்தேன். புதுச்சேரியில் பிறந்து நெடுங்காலமாக அந்நகரில் வாழ்ந்துவரும் தோழி ஒருவர், "பாரிசை மட்டும் பார்த்துவிட்டுப் பிரான்சைப் பார்த்தேன் என்று ஊரில் போய்ச் சொல்லாதே அம்மா" என்று கூறி, என்னை வடமேற்கே நார்மண்டிக்கு அழைத்துச் சென்றார். கடற்கரை நகரமான தியேப்புக்கு அருகில், உழுநிலங்களின் நடுவே, விடுதியாக மாற்றப்பட்ட பழைய மாளிகை ஒன்றில் எங்களுக்கு இடம் பதிவு செய்யப்பட்டிருந்தது. மாளிகையின் அறைகள் நிரம்பிவிட்டமையால் முற்றத்தின் ஓரத்தில் நின்ற வட்டமான செங்கற்கோபுரம் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கினர். அதன் பெயர் 'கொலோம்பியே'. புறாமாடம் என்று பொருள்.

முதலில் எனக்குச் சற்று ஏமாற்றமே. கோட்டையில் உறங்கப்போகிறோம் என்று எண்ணி வந்தவளுக்குப் புறாக்கூடு கிடைத்தால் யார்தான் மகிழ்வார்? ஆயின் விளக்கை ஏற்றியதும் அந்த எண்ணம் அகன்றது. கட்டிலின் தலைப்பக்கச் சுவரைப் பூசாமல் பழையபடியே விட்டுவைத்திருந்தனர். அச்சுவர் முழுவதும் வரிசை வரிசையாகச் சிறு சதுரக் குழிகள். நம் வீட்டுச் சுவர்களில் அகல்விளக்கு வைக்கும் மாடக்குழிகளை அப்படியே எடுத்து அடுக்கியதுபோன்ற தோற்றம். நாம் 'மாடப்புறா' என்கிறோமே, அந்த மாடத்தை வேற்று நாட்டில் ஒரு சுவரில் கண்டதும் சொல்லும் பொருளும் ஒருசேர விளங்கின. பிரெஞ்சில் அக்குழிக்குப் 'பூலேன்' என்று பெயர். ஒரு பூலேனில் ஓர் இணை வாழும்.

மாளிகையின் வரலாற்றைக் கூறும் சிறு மடிப்பேடு ஒன்று மேசைமேல் இருந்தது. எந்த மன்னன் வந்தான், எந்தச் சீமாட்டி எந்தச் சாளரத்தருகே அமர்ந்து தையல் வேலை செய்தாள் என்பவை அதில் இருந்தன. நாங்கள் உறங்கவிருந்த கோபுரத்தைப் பற்றி 'அழகிய பழைய புறாமாடம்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அந்த மௌனந்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பிரான்சு நாட்டின் மாளிகை வரலாற்றில் மன்னரின் படுக்கையறையைவிடப் புறாமாடமே நேர்மையான சான்று என்பது என் கருத்து.

கோபுரத்தின் அமைப்பை முதலில் கூறிவிடுகிறேன். வட்டச் சுவரின் உட்புறம் தரையிலிருந்து கூரைவரை மாடக்குழிகள். நடுவே நிலையான அச்சில் சுழலும் ஒரு மரத்தூண். அதன் கைகளில் பொருத்திய ஏணி. ஏணியில் நின்றவாறே சுவரைச் சுற்றிவந்தால் எந்தக் குழியும் கைக்கு எட்டும். பறக்கக் கற்பதற்கு முன், ஏறத்தாழ ஒரு திங்கள் வளர்ந்த குஞ்சுகளை அவ்வாறே எடுத்துச் சமையலறைக்கு அனுப்பினர். வெளிச்சுவரின் இடைப்பகுதியில் கல்லால் ஆன நீட்டல் ஒன்று ஒட்டியாணம்போல் சுற்றியிருக்கும். எலியும் மரநாயும் ஏறாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. கோபுரத்தின் எச்சமும் வீண்போகவில்லை. புறா எச்சம் உயர்ந்த உரமாக மதிக்கப்பட்டது. 1600ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வேளாண்மைப் பெருநூலில் ஒலிவியே த செர் புறாமாடத்தைப் பற்றியும் எழுதியுள்ளார். ஆகப் பயனுள்ள பறவைதான். சிக்கல், அப்பறவை எங்கே உண்டது என்பதில் இருந்தது.

புறாமாடம் கட்டும் உரிமை எல்லார்க்கும் இருந்ததன்று. பாரிஸ் வட்டாரத்தில் 1580இல் திருத்தப்பெற்ற வழமைச் சட்டத்தின்படி, தரையிலிருந்தே மாடக்குழிகள் தொடங்கும் முழுக்கோபுரத்தை, நீதி வழங்கும் அதிகாரமும் குடிகளிடம் நிலவரி பெறும் உரிமையும் உடைய நிலப்பிரபு கட்டலாம். அந்த நீதியதிகாரம் இல்லாதவராயின் மானிய நிலமும் வரி உரிமையும் ஐம்பது ஆர்ப்பான் அளவு சொந்த நிலமும் வேண்டும். நார்மண்டியின் வழமை இன்னும் கடுமையானது. கவசம் பூண்டு மன்னனுக்காகப் போருக்குச் செல்லும் கடமையோடு கூடிய மானியம் ஒன்றுக்கு ஒரே ஒரு புறாமாடம். மானியம் மக்களிடையே பங்கிடப்பட்டாலும் புறாமாடம் ஒருவருக்கே உரியது. தெற்கே, எழுதப்பட்ட உரோமானியச் சட்டம் வழங்கிய பகுதிகளில் இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அதனாற்றான் தென்மேற்கு வயல்வெளிகளில் எளிய உழவர்களின் சிறு புறாக்கூண்டுகளும் இன்றளவும் நிற்கின்றன. வடக்கே அது பெருமையின் கொடிமரம். கோபுரத்தின் மாடக்குழிகளை எண்ணினால் பிரபுவின் நிலத்தை ஊகித்துவிடலாம் என்னும் நிலை பல இடங்களில் இருந்தது.

கோபுரம் பிரபுவுக்கு உரியது. புறாவும் பிரபுவுக்கு உரியது. ஆயின் புறாவுக்கு நில எல்லை தெரியாது. விதைப்புக் காலத்தில் அது குடிகளின் சாலிலும், அறுவடைக் காலத்தில் குடிகளின் கதிரிலும் இறங்கியது. அதைக் கல்லெறிந்து கொல்ல உழவனுக்கு உரிமை இல்லை. அவன் வரியாகத் தானியம் அளந்தான். திருச்சபைக்குப் பத்திலொன்று அளந்தான். எஞ்சியதில் சிறகு முளைத்த வரிதண்டுவோர் வந்து தமக்குரியதை எடுத்துக்கொண்டனர். சோழர் முன்னோன் ஒருவன் புறாவின் உயிருக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து தராசில் இட்டான் என்று நம் புறநானூற்றுப் புலவர்கள் போற்றுவர். அக்கதையைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அரசன் தன் தசையை இட்டான். நார்மண்டியில் தராசில் இட்டது யாருடைய தசை என்னும் கேள்வி அன்றிரவு அம்மாடக்குழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எழுந்தது. என் தாய்வழிப் பாட்டனார் குத்தகை உழவர். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது மரக்காலின் தலையைத் தடவிவிடும் கை யாருடையது என்பதை அவர் பேச்சில் கேட்டு வளர்ந்தவள் நான். ஆதலால் அம்மாடங்களை வெறும் அழகாகக் காண என்னால் இயலவில்லை.

1789ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் மூவகுப்புப் பேரவை கூடுவதற்கு முன், பிரான்சின் ஊர்கள்தோறும் மக்களின் குறைகளைப் பதிவேடுகளாக எழுதி அனுப்பினர். அவ்வேடுகளில் உப்பு வரியும் பத்திலொன்றும் இடம்பெற்றமை வியப்பன்று. அவற்றோடு பிரபுக்களின் முயல்களும் புறாக்களும் மீண்டும் மீண்டும் குறிக்கப்பட்டுள்ளன. அரசியல் தத்துவம் அறியாத ஊர், தன் வயலில் கண்டதை எழுதியது. வரலாற்று மாணவர்கள் ரூசோவையும் வோல்தேரையும் படிக்கும் அளவுக்கு இவ்வேடுகளையும் படிக்க வேண்டும்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் பாஸ்தி சிறை வீழ்ந்தபின் நாட்டுப்புறங்களில் ஓர் அச்சம் பரவியது. கொள்ளையர் வருகின்றனர், பிரபுக்கள் அவர்களை ஏவியுள்ளனர் என்னும் வதந்தி ஊருக்கு ஊர் தாவியது. 'பெரும் அச்சம்' என்று பெயர் பெற்ற அந்நிகழ்ச்சியை ஜோர்ஜ் லெஃபேவ்ர் 1932இல் எழுதிய நூல் இன்றும் அடிப்படையானது. மாக்கோன் வட்டாரம், தொஃபினே, பிராஞ்ச் கொந்தே, நார்மண்டியின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் உழவர்கள் மாளிகைகளைத் தாக்கினர். அவர்கள் தேடியது பெரும்பாலும் பொன்னையன்று. குடிகள் ஒவ்வொருவரும் பிரபுவுக்குச் செலுத்த வேண்டிய கடமைகளைக் குறித்துவைத்த நிலப்பதிவேடுகளையே தேடினர். ஏட்டைக் கொடுத்த இடத்தில் ஏட்டை எரித்தனர். கொடுக்க மறுத்த இடத்தில் சில வேளைகளில் மாளிகையும் சேர்ந்து எரிந்தது. எழுத்தையே வாழ்வாகக் கொண்ட நம் போன்றோர்க்கு ஏடு எரிவது கொடுஞ்செயலாகவே தோன்றும். ஆனால் தன்னை அடிமையாக எழுதிவைத்த ஏட்டைத் தானே படிக்கவும் இயலாத ஒருவன், அதை வேறு எவ்வாறு திருத்துவான்?

செய்தி வெர்சாய் நகரை எட்டியது. ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு தேசியப் பேரவையில், நுவாய் கோமகனும் எகுய்யோன் கோமகனும் எழுந்து நிலமானிய உரிமைகளைக் கைவிட வேண்டும் என்றனர். பின்னர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து தத்தம் உரிமைகளையும், சில நேரங்களில் பிறருடைய உரிமைகளையும், துறந்தனர். ஷார்த்ர் நகர ஆயர் பிரபுக்களின் வேட்டையுரிமையை ஒழிக்கலாம் என்றார்; அவருக்கு இழப்பு இல்லாத தியாகம் அது. உடனே ஷாத்லே கோமகன் திருச்சபையின் பத்திலொன்றைப் பற்றிய யோசனையோடு எழுந்தார். புறாமாட உரிமையைத் துறக்க முன்வந்தவர் விரியோ பிரபு. உரோமானியக் கவிஞர் கதுல்லுசின் குருவியை நினைவூட்டி, கவிஞனைப்போல் தம்மிடம் கொடுப்பதற்கு ஒரு சிறு பறவையே உள்ளது என்னும் கருத்தில் அவர் பேசினார் என்பர். கவிதை, சட்டமன்றத்தில் இவ்வளவு மலிவாகப் பயன்பட்ட வேளை வேறொன்று இருக்குமோ அறியேன். இழப்பைச் சிறிதாக்கிக் காட்ட ஓர் உவமை. அச்சிறு பறவை எத்தனை களத்துமேடுகளைக் காலியாக்கியது என்பதற்கு உவமை இல்லை.

ஆகஸ்டு 11 வரை நீண்ட விவாதத்தின் பின் உருப்பெற்ற ஆணையில் புறாவுக்கு இரண்டாம் பிரிவு ஒதுக்கப்பட்டது. புறாமாடம் பிரபுவுக்கே உரியது என்னும் தனியுரிமை ஒழிந்தது. ஊர்ச் சமூகங்கள் குறிக்கும் காலங்களில் புறாக்களைக் கூட்டில் அடைக்க வேண்டும். அக்காலத்தில் வெளியே திரிந்தால் அவை வேட்டைப் பறவைகளாகக் கருதப்படும். தன் நிலத்தில் இறங்கியதைக் கொல்ல எவர்க்கும் உரிமை உண்டு. நிலத்தின் மேல் உழவன் பெற்ற முதல் ஆட்சியுரிமைகளுள் இதுவும் ஒன்று. பிற கடமைகள் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. நிலத்தோடு ஒட்டிய பல வரிகளை விலைகொடுத்தே மீட்க வேண்டும் என்று அப்பேரவை விதித்தது. இழப்பீடின்றி அவை முற்றும் ஒழிய 1793 ஜூலை 17 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. புறா மட்டும் உடனே கிடைத்தது.

அதன்பின் கோபுரங்கள் வெறிச்சோடின. சில இடிந்தன, சில வைக்கோல் போர்வை ஆயின, சில காலப்போக்கில் எங்களைப் போன்றோர் உறங்கும் அறைகளாயின.

மறுநாள் தோழி என்னை வராஞ்ஜ்வில் என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஆங்கோ மாளிகைக்கு அழைத்துச் சென்றார். தியேப் நகரின் பெருங்கப்பலுடைமையாளர் ழான் ஆங்கோ பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டிய மாளிகை அது. அதன் முற்றத்தின் நடுவே நிற்கும் புறாமாடம் நாட்டிலேயே புகழ்பெற்றது. செங்கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் மாறிமாறிக் கோலமிட்ட சுவர்; மேலே கீழைநாட்டுச் சாயலில் வளைந்த குவிமாடம்; உள்ளே ஏறத்தாழ 1600 மாடக்குழிகள். இணை ஒன்றுக்கு ஒரு மாடம் எனக் கொண்டால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள். முதலாம் பிரான்சுவா மன்னனின் ஆதரவைப் பெற்ற ஆங்கோ, அம்மன்னன் 1547இல் மறைந்தபின் செல்வம் குன்றி 1551இல் இறந்தார்.

நம் வட்டத்தின் கவிஞர்கள் அறிய விரும்பும் செய்தி ஒன்று உண்டு. ஆங்கோவின் கப்பல்கள் இரண்டு 1529இல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து சுமத்திராவை அடைந்தன. தலைமை தாங்கிய ழான் பர்மாந்தியே மாலுமி மட்டுமல்லர். கவியரங்கப் போட்டிகளுக்குப் பாடல் இயற்றிய கவிஞரும் ஆவார். அவரும் அவர் தம்பி ராவுலும் சுமத்திராவிலேயே மாண்டனர். உடன் சென்று உயிரோடு திரும்பிய பியேர் கிரிஞோன், நண்பரின் பாடல்களை 1531இல் அச்சிட்டார். புறாமாடத்தின் செங்கற்களை உயர்த்திய பணத்தில் ஒரு கவிஞரின் உயிரும் கலந்திருக்கிறது.

நானூறு ஆண்டுகள் கழித்து அதே மாளிகைக்கு மற்றொரு கவிஞர் தங்க வந்தார். மிகைமெய்யியல் இயக்கத்தின் தலைவர் ஆந்திரே பிரெத்தோன் 1927 ஆகஸ்டில் அங்குத் தங்கித் தம் 'நாத்யா' நூலை எழுதத் தொடங்கினார். 1928இல் வெளிவந்த அந்நூலில் அவர் சேர்த்த ஒளிப்படங்களுள் அப்புறாமாடமும் ஒன்று. அவர் தோழர் லூயி அரகோன் அக்கோடையில் அதே ஊர்ப்பக்கம் வேறொரு நூலை எழுதிக்கொண்டிருந்தார். பிரபுக்களின் உலகைத் தலைகீழாக்கத் துடித்த ஒருவர் பிரபுவின் மாளிகையை அமைதி தேடி அடைந்ததைக் குறையாக நான் கூறவில்லை. நானும் அதைத்தானே செய்தேன். ஆயினும் அப்படத்தை நூலில் மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, கோபுரத்தைச் சூழ்ந்த வயல்கள் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டன என்பதே என் கண்ணில் பட்டது.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பி, முற்றத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். எங்கிருந்தோ திடீரென வெடியோசை. நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓர் ஓசை. விடுதியைக் கவனிக்கும் மூதாட்டி சிரித்துக்கொண்டே அடுத்த வயலைக் கைகாட்டினார். பட்டாணி முளைவிட்டிருக்கிறதாம், காட்டுப்புறாக்கள் இறங்காமலிருக்க உழவர் வைத்திருக்கும் வாயு வெடிப்பொறியாம். விருந்தினர் உறக்கம் கெடுகிறது என்று விடுதியார் ஒருமுறை சொல்லிப் பார்த்தனராம்; இரவில் மட்டும் நிறுத்திவைக்க அவர் இசைந்தாராம்.