ரேணு சலூஜா (1952–2000)

இந்தியப் படத்தொகுப்பாளர். புனே திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்புப் பயின்று 1976இல் தேறினார். தொகுப்பறைகள் ஆண்களின் இடமாகவே இருந்த காலத்தில், 1983இல் வெளிவந்த ‘ஜானே பீ தோ யாரோ’, ‘அர்த் சத்யா’ ஆகிய இரு படங்களால் முன்னணிக்கு வந்தார். முன்னது நையாண்டி, பின்னது ஒரு காவல் அதிகாரியின் உள்ளக் கொதிப்பு. இரண்டுக்கும் வேண்டிய கதியே வேறு. கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ (2000) படத்தைத் தொகுத்தவரும் இவரே.

தொகுப்பாளர் இயக்குநரின் எண்ணத்தை நிறைவேற்றுபவர்தானே, அவருக்கென்று தனிப்பெருமை ஏது என்று கேட்கலாம். எடுத்த காட்சிகளுக்குள் நின்றே தொகுப்பாளர் வேலை செய்ய வேண்டும் என்பது மெய்தான். ஆனால் சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருதை இவர் நான்கு முறை பெற்றார்: ‘பரிந்தா’, ‘தாராவி’, ‘சர்தார்’, ‘காட்மதர்’. நிழலுலகம், குடிசைப்பகுதி, தேச வரலாறு, குற்ற அரசியல் என்று களங்கள் நான்கு, இயக்குநர்களும் நால்வர். அவற்றில் மாறாதிருந்தது தொகுப்பாளரின் தீர்மானம் ஒன்றே. எந்த முகத்தில் நிற்பது, எந்தக் கணத்தில் விலகுவது என்ற முடிவுகளே கதைக்கு இறுதி வடிவம் தருகின்றன. அந்த வகையில் ரேணு சலூஜா அப்படங்களின் இணைப்படைப்பாளி. திரை வரலாறு அவரை அவ்விடத்திலேயே வைத்துப் பேச வேண்டும்.